675 மடங்கு பொய்யும் ஒரு கித்தா மரப் பெட்டியும்

தீபாவளிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனுக்கு யாரோ டெலஸ்கோப் வாங்கிக் குடுத்திருக்காங்க. முறுக்கு, அதிரசம் எதுவும் அவன் கண்ணுக்கே தெரியல. "மாமா, 675 மடங்கு மாமா!"ன்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றான்.

பெட்டி மேல பளபளன்னு சனிக்கோள் படம். வளையத்துக்கு நடுவுல இருக்கற கறுப்பு இடைவெளி வரைக்கும் தெரியுது. (அது விண்கலம் எடுத்த படம். அதைப் பெட்டியில எவன் எழுதுவான்?) உள்ள இருக்கறது 60 மில்லிமீட்டர் லென்ஸ், பிளாஸ்டிக் குழாய், தொட்டா நடுங்குற முக்காலி.

நிலாவைப் பிடிச்சுக் காட்டினேன். சின்ன பவர்ல நல்லாவே இருந்துச்சு. ஆனா பையன் கேக்கறது 675 ஆச்சே! பெட்டியில இருந்த குட்டி ஐபீஸ் (கண்ணு வச்சுப் பாக்கற லென்ஸ்), பார்லோ லென்ஸ் எல்லாத்தையும் மாட்டினோம். பழுப்பா ஒரு புகை தெரிஞ்சுது. காத்து அடிச்சா அந்தப் புகையும் ஆடுது.

"நிலா கெட்டுப்போச்சா மாமா?"

அந்தக் கோவத்துல எழுதறேன் இதை.

கணக்கு ரொம்பச் சின்னது. லென்ஸோ கண்ணாடியோ, அதோட விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதை ரெண்டால பெருக்குங்க. உருப்படியா கிடைக்கக்கூடிய பவர் ஏறக்குறைய அவ்வளவுதான். 60 மில்லிமீட்டர்னா 120 மடங்கு. அதுக்கு மேல ஏத்தினா உருவம் பெருசாகும், விவரம் கூடாது. வெளிச்சம் மட்டும் குறைஞ்சுகிட்டே போகும். 675 மடங்கு வேணும்னா 13 அங்குலக் கண்ணாடி வேணும். அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்.

இன்னொரு விஷயம், இது விளையாட்டு இல்ல. இந்த மாதிரிப் பெட்டிங்க சிலதுல 'சன்'ன்னு எழுதின கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வரும். ஐபீஸ்ல திருகி மாட்டிச் சூரியனைப் பாக்கலாம்னு சொல்லுவாங்க. லென்ஸ் குவிக்கிற மொத்தச் சூடும் அந்த இடத்துலதான் வந்து விழுது. அது படக்குன்னு வெடிச்சா அடுத்தது கண்ணுதான். மருமகன் பெட்டியில இருந்ததை அங்கயே சுத்தியலால தட்டிட்டேன். தங்கச்சி மொறைச்சா. மொறைக்கட்டும்.

சரி, நான் டெலஸ்கோப்பைக் கையாலயே செய்யறவன். "நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இந்த வயசுல பலகை அறுத்துக்கிட்டு?"ன்னு மச்சான் கேட்டாரு. நியாயமான கேள்வி. இன்னிக்கு 6 அங்குல டெலஸ்கோப் கடையில வாங்கறதும் ஒண்ணுதான், நாமளே செய்யறதும் ஒண்ணுதான். செலவுன்னு பாத்தா வாங்கறதுதான் லாபம்னு கூடச் சொல்லலாம். காசு மிச்சம் பண்ண யாரும் இந்த வேலையில இறங்காதீங்க.

நான் சொல்ற காரணம் வேற. கடையில வர்ற டெலஸ்கோப்பும் சரி, அதைச் செய்யச் சொல்லிக் குடுக்கற புத்தகமும் சரி, நம்ம ஊருக்காக யோசிச்சது இல்ல. 40 டிகிரி, 50 டிகிரி வடக்குல, குளுரற ஊர்ல உக்காந்து எழுதினது. மலேசியாவுல நம்ம ஈப்போ இருக்கறது 4.6 டிகிரியில. இங்க வானமே வேற மாதிரி சுத்துது. மரம் வேற, சூடு வேற, ஈரம் வேற. நம்ம கையால செஞ்சாத்தான் அந்த வித்தியாசமெல்லாம் ஒண்ணொண்ணா புரியும்.

கையால செய்யறதுக்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டுலயே இருக்கு. ஜவ்வாது மலையில காவலூர் வானாய்வகம். இன்னிக்கு அங்க 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கு. 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி வந்து திறந்து வச்சாரு. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா 1968-ல அந்த இடத்துல வேலையை ஆரம்பிச்சு வச்சது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒண்ணு. கொடைக்கானல் ஆய்வகத்துக் கொல்லையில கிடந்த சாதாரண சாமானை வச்சு செஞ்சது. கொல்லைச் சாமான்! அரசாங்க ஆய்வகமே அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. பின்னாடி வந்த அந்தப் பெரிய 2.34 மீட்டர் கண்ணாடியைக்கூட வெளிநாட்டுல தேய்க்கல. ஏ.பி. ஜெயராஜன்னு ஒருத்தர், அவரோட ஆளுங்க, இந்தியாவுலயே தேய்ச்சுப் பாலிஷ் போட்டாங்க.

அடுத்தது ஜான் டாப்சன். அமெரிக்கக்காரர், பொறந்தது பெய்ஜிங்ல, 1915-ல. பெர்க்லியில வேதியியல் படிச்சுட்டு 1944-ல சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்துல சாமியாரா சேந்தாரு. (ஆமா, நம்ம ராமகிருஷ்ண பரம்பரை மடம்தான்.) சாமியார் கையில காசு ஏது? பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியை வாங்கி, தானே தேய்ச்சு, அட்டைக் குழாயில மாட்டி, பலகைப் பெட்டியில உக்கார வச்சாரு. ராத்திரியானா அதைத் தெருவுக்குத் தள்ளிட்டுப் போய், வர்றவன் போறவனை எல்லாம் கூப்பிட்டு சனியைக் காட்டுவாரு. மடத்துல இருக்க வேண்டியவர் தெருவுல நின்னா விடுவாங்களா? 1967-ல வெளிய அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷமே தெருவோர வானியலாளர்கள் சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சுட்டாரு. இன்னிக்குக் கடையில 'டாப்சோனியன்'னு விக்கற அத்தனையும் அவரோட பெட்டிதான். பேட்டன்ட் கிடையாது, ராயல்டி கிடையாது. 2014-ல, 98 வயசுல போய்ச் சேந்தாரு.

மூணாவது உதாரணம் ஜப்பான்ல கவோரு இகேயா. பியானோ தொழிற்சாலையில வேலை. தானே தேய்ச்ச கண்ணாடியால 1963 ஜனவரியில புது வால்வெள்ளி ஒண்ணைக் கண்டுபிடிச்சப்ப அவருக்கு 19 வயசு. 1965 செப்டம்பர்ல இன்னொண்ணு. அதே ராத்திரி செக்கின்னு ஒரு கிதார் வாத்தியாரும் அதைப் பிடிச்சுட்டதால ரெண்டு பேர் பேரும் அதுக்கு வந்துச்சு: இகேயா செக்கி. அக்டோபர் கடைசியில விடியக்காலைக் கிழக்கு வானத்துல நீளமா வால் விரிச்சுக்கிட்டு நின்னுச்சு அது.

விடியக்காலை, கிழக்கு. அந்த நேரத்துல வெளிய நின்னது யாரு? நம்ம ஆளுங்கதான். சுங்கை சிப்புட் பக்கம் கித்தாத் தோட்டத்துல, அதாவது ரப்பர் தோட்டத்துல, எங்க பாட்டி பால் வெட்டினவங்க. பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கறது) இருட்டுல கிளம்பிப் போகும்போது கித்தா மரத்துக்கு மேல தொடப்பம் மாதிரி ஒண்ணு நின்னதைப் பாத்ததா சொல்லுவாங்க. எந்த வருஷம்னு கேட்டா "உங்கப்பன் பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தான்"பாங்க. அதுதானான்னு சத்தியம் பண்ண முடியாது. 1970-ல பென்னட்னு இன்னொரு வால்வெள்ளியும் விடியக்காலையிலதான் வந்துச்சு. ஆனா ஒரு தொழிலாளி தானே செஞ்ச கண்ணாடியில கண்டுபிடிச்ச வால்வெள்ளியை இன்னொரு தொழிலாளி வெறுங்கண்ணால பாத்திருக்கலாம்னு நினைச்சுக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. அப்படியே வச்சுக்கறேன்.

இப்ப வேலைக்கு வருவோம்.

கண்ணாடி தேய்க்கறது. 6 அங்குலத்துல ஒரே அளவு ரெண்டு வட்டத் தடிக் கண்ணாடி. ஒண்ணு கீழே, ஒண்ணு மேலே. நடுவுல கார்போரண்டம் பொடி, தண்ணி. முன்னும் பின்னும் தள்ளணும். கொஞ்சம் தள்ளினதும் மேல் கண்ணாடியைத் திருப்பணும், நீங்களும் ஒரு அடி நகரணும். ஒரு டிரம்மை நிறுத்தி அதைச் சுத்திச் சுத்தி நடக்கணும். (கோயில்ல சுத்தறதை விட நான் இதைத்தான் அதிகம் சுத்தியிருக்கேன்னு வீட்டுல ஒரு குத்தல்.) இப்படி செஞ்சா மேல இருக்கறது தானா குழியும், கீழ இருக்கறது தானா மேடாகும். மெஷின் வேணாம், அச்சு வேணாம். கை எப்படிப் போனாலும் கடைசியில ரெண்டும் உருண்டையோட ஒரு துண்டாத்தான் வரும். ஏன்னா எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காரக்கூடிய வளைவு அது ஒண்ணுதான்.

80 நம்பர் பொடியில ஆரம்பிச்சு 120, 220, 320, 500-ன்னு நைசாகிக்கிட்டே போகணும். ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் வாளி, துணி, நகக்கண்ணு வரைக்கும் கழுவணும். பழைய பொடி ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் கீறல் விழும். ஈப்போவுல இருக்கற கல் குவாரித் தூசி கண்ணாடியைக் கெடுத்துடும்னு ஒரு நண்பர் பயமுறுத்தினாரு. பயப்படாதீங்க. சுண்ணாம்புக்கல் கண்ணாடியை விட மெதுசு. அதால கீறவே முடியாது. கீறுறது உங்க வாளியில இருக்கற பழைய கார்போரண்டம்தான்.

1.2 மீட்டர் குவியத்தூரம் வேணும்னா 6 அங்குலக் கண்ணாடியோட நடுவுல எவ்வளவு குழி தெரியுமா? 1.2 மில்லிமீட்டர். அவ்வளவுதான்! அந்தக் குழியும் உருண்டையா இருந்தா போதாது, பரவளையமா இருக்கணும். ரெண்டுக்கும் வித்தியாசம் விளிம்புல 0.3 மைக்ரான் கிட்ட. அதை எப்படி அளக்கறது? ஷேவிங் பிளேடு ஒண்ணு, சின்ன எல்இடி விளக்கு ஒண்ணு. ஃபூக்கோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1850-களோட கடைசியில கண்டுபிடிச்ச சோதனை. கண்ணாடியை ஒரு பக்கம் நிறுத்தி, 2.4 மீட்டர் தள்ளி விளக்கையும் பிளேடையும் வச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்தைப் பிளேடால மெதுவா வெட்டணும். கண்ணாடி மேல மேடு பள்ளமெல்லாம் நிழலா தெரியும். கையால கண்ணாடியைத் தொட்டுட்டு உடனே பாத்தா விரல் வச்ச இடம் வீங்கித் தெரியும். உங்க கைச் சூடுதான் அது. ஆற விட்டுப் பாக்கணும். முதல் தடவை அந்த வீக்கத்தைப் பாத்தப்ப வீட்டுல இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் அசரல.

புத்தகம் சொல்லாத விஷயம் பாலிஷ்ல இருக்கு. பொடிவேலை முடிஞ்சதும் பிட்ச்ங்கற கறுப்புப் பிசினை ஊத்தி, கட்டம் கட்டமா வெட்டி, அது மேல சீரியம் ஆக்சைடு போட்டுத் தேய்க்கணும். குளிர் ஊருக்குச் சரியா இருக்கற பிட்ச், நம்ம மத்தியான வெயிலுக்கு அல்வா மாதிரி ஆயிடும். கட்டமெல்லாம் மூடிக்கும், கண்ணாடியோட வளைவு கெடும். வழி ரெண்டு. ரோசின் கலந்து பிட்சை இறுக்கணும். விடியக்காலையில, ஊரு ஆறிக் கிடக்கற நேரத்துல மட்டும் தேய்க்கணும். பால் வெட்டு நேரமேதான். (மரம் அந்த நேரத்துலதான் நல்லா பால் விடும், பிட்ச்சும் அந்த நேரத்துலதான் சொன்ன பேச்சு கேக்கும்.)

கடைசியில அலுமினியப் பூச்சு. அதுக்கு வெற்றிடப் பெட்டி வேணும், வீட்டுல முடியாது, வெளிய அனுப்பணும். அந்தக் காலத்துல இந்தப் பூச்சே கிடையாது. கண்ணாடிக்குப் பதிலா உலோகத்தையே வார்த்துத் தேய்ப்பாங்க. 1781 மார்ச் 13-ல வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைப் பிடிச்சது அந்த மாதிரி தானே செஞ்ச ஒரு டெலஸ்கோப்ல. அவரு வேலை என்னவோ சங்கீத வாத்தியார். அந்த உலோகம் ரெண்டு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம்! கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயச் சுரங்கமா கிடந்த ஊருங்க நம்மளுது. ஒரு கண்ணாடிக்குக் கூடவா யாரும் ஒரு கட்டி ஒதுக்கி வைக்கல?

அடுத்து மரம். இதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

டாப்சன் பெட்டிக்கு எல்லாரும் பிளைவுட் வாங்குவாங்க. குழாய்க்கு நானும் பிளைவுட்தான், ஏன்னா எடை குறையணும். வட்டக் குழாய் தேடி அலையாதீங்க. நாலு பலகையைச் சேத்து சதுரமா அடிச்சா போதும், நட்சத்திரத்துக்கு வட்டமா சதுரமான்னு தெரியாது. ஆனா கீழ சுத்தற பெட்டிக்குக் கித்தா மரம். மாமியார் வீட்டுல ஒரு பழைய கட்டில் உடைஞ்சு கிடந்துச்சு. தட்டிப் பாத்தா முழுக்கக் கித்தா மரப் பலகை.

1877-ல கோலகங்சார்ல பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட கித்தா கன்னுல ஒரு மரம் இன்னிக்கும் அங்க நிக்குது. போய்ப் பாருங்க. அதுக்கு அப்புறம் பேராக் முழுக்க அந்த மரம்தான், அதுக்குக் கீழ முழுக்க நம்ம ஆளுங்கதான். 25, 30 வருஷம் பால் குடுத்துட்டு மரம் ஓஞ்சா வெட்டி அடுப்புக்குத்தான் போகும். பச்சையா விட்டா பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். போரான் மருந்து ஏத்திக் காயவச்சா நல்ல பலகைன்னு ரொம்பப் பின்னாடிதான் வியாபாரிகளுக்குப் புத்தி வந்துச்சு. இன்னிக்கு மலேசியா நாற்காலி மேசைன்னு வெளிநாட்டுக்கு அனுப்பறதுல பெரும் பங்கு அதுதான்.

கை ரம்பம், இழைப்புளி, உளி, மூலைமட்டம், கை டிரில். இவ்வளவுதான் சாமான். கித்தா மரம் இழைப்புளிக்கு நல்லா வளைஞ்சு குடுக்கும். ஆனா ஆணி நேரா அடிச்சீங்கன்னா பிளந்துக்கும். முதல்ல ஓட்டை போட்டுட்டு ஸ்குரூ போடுங்க. வெட்டின முனைக்கெல்லாம் மறக்காம வார்னிஷ். ஐபீஸ் மாட்டற குழாய்க்கு ஹார்ட்வேர் கடையில பேசின் பைப். ஒன்னேகால் அங்குல பைப்தான் ஐபீஸோட அளவும். லொடலொடன்னு இருந்தா உள்ள ஒரு சுத்து டேப். கடைக்காரத் தவுக்கே "எந்த பேசினுக்கு?"ன்னு கேட்டாரு. சனிக்குன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் பேசாம சில்லறையைக் குடுத்துட்டாரு.

பெட்டி சுத்தறதுக்கு என்ன போடறது? எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது, சீனர் கல்யாண விருந்து மேசையில சாப்பாட்டைச் சுத்தி விடுவாங்களே, அந்த பேரிங் தட்டு. அருமையா சுத்தும். அதுதான் பிரச்சினையே. கொசு உக்காந்தாலும் சுத்தும். நமக்கு வேணுங்கறது தள்ளினா நகரணும், கை எடுத்தா அங்கயே நிக்கணும். அதுக்குச் சொரசொரப்பான ஃபார்மிக்கா ஒரு பக்கம், டெஃப்லான் துண்டு மூணு இன்னொரு பக்கம். டாப்சன் பெட்டின்னாலே இதுதான். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீங்க. ஃபார்மிக்கா துண்டு கிச்சன் கேபினட் செய்யற கடையில சும்மாவே கிடைக்கும்.

இப்ப அந்த 4.6 டிகிரி கதை. டாப்சன் பெட்டியில தலைக்கு நேர் மேல பாக்கறது கஷ்டம். குழாய் செங்குத்தா நிக்கும்போது பெட்டியைச் சுத்தினா குழாய் வேற பக்கம் நகராம சும்மா தன்னையே சுத்திக்கும். லண்டன்காரனுக்கு அது பெரிய கவலை இல்ல, கிரகம் அவன் தலைக்கு மேல வர்றதே இல்ல. நமக்கு? வியாழன், சனி, மிருகசீரிஷம் இருக்கற ஒரையன், எல்லாமே தலை உச்சிக்குப் பக்கமா வந்து நிக்கும். அதனால குழாய் வாய்ல ஒரு கைப்பிடி மாட்டினேன். நம்ம ஊருக்கு அதுதான் சரி.

கேமரா வச்சிருக்கறவங்களுக்கு இன்னும் சுலபமா ஒண்ணு இருக்கு. ரெண்டு பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு ஸ்குரூ. கீழ்ப்பலகை நிலையா நிக்கும். மேல்பலகையில கேமரா. ஸ்குரூவைத் திருகத் திருக மேல்பலகை மெதுவா திறக்கும், பூமி சுத்தற வேகத்துக்கு ஈடா. எம்6 ஸ்குரூ ஒரு சுத்துக்கு 1 மில்லிமீட்டர் ஏறும். கீலோட நடுவுல இருந்து ஸ்குரூ வரைக்கும் 228.5 மில்லிமீட்டர் வச்சு, நிமிஷத்துக்கு ஒரு சுத்து திருகினா நட்சத்திரம் கோடா இழுபடாம புள்ளியா விழும். மோட்டார் வேணாம், கடிகாரத்து நொடி முள்ளைப் பாத்துக்கிட்டே கையால திருகலாம்.

இந்தக் கீல் பூமியோட அச்சுக்கு இணையா நிக்கணும். வெள்ளைக்காரன் புத்தகத்துல இதுக்குப் பெரிய முக்கோணக் கட்டை படம் போட்டிருக்கும். துருவ நட்சத்திரத்தைக் குறி பாக்கச் சொல்லுவான். ஈப்போவுல துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து அஞ்சு டிகிரி கிட்டத்தான். மலை, வீடு, புகைமூட்டம் எல்லாத்துக்கும் பின்னாடி ஒளிஞ்சுகிட்டிருக்கும், பாக்கவே முடியாது. ஆனா நமக்கு வேற ரெண்டு வசதி. ஒண்ணு, இங்க திசைகாட்டி முள்ளு காட்டற வடக்கும் நிஜ வடக்கும் அரை டிகிரி கூட வித்தியாசப்படாது. ரெண்டு, கட்டை ஏறக்குறைய படுத்தே கிடக்கலாம். 30 சென்டிமீட்டர் பலகைக்கு வடக்கு முனையில 2.4 சென்டிமீட்டர் உயரம் குடுத்தா முடிஞ்சுது. கீல் மேற்குப் பக்கம், ஸ்குரூ கிழக்குப் பக்கம். மாத்தி வச்சா நட்சத்திரம் ஒரு பக்கம் போகும், கேமரா இன்னொரு பக்கம் போகும்.

இதை வச்சு எங்க பாக்கறதுன்னு கேட்டா, ஈப்போ டவுன்ல நிலா, கிரகம் தவிர வேற ஆசை வைக்காதீங்க. சுங்கை சிப்புட்டுக்கு உள்ள போனா பழைய எஸ்டேட்டெல்லாம் இப்ப செம்பனை. லயம் இருந்த இடத்துல கோயில் மட்டும் நிக்குது. இருட்டு இன்னும் இருக்கு. டார்ச் எடுத்துக்கங்க, பூட்ஸ் போட்டுக்கங்க. செம்பனைக் காட்டுல எலி ஜாஸ்தி, எலி இருந்தா நாகமும் இருக்கும். தனியா போகாதீங்க, தோட்டத்து ஆளுங்க கிட்ட சொல்லிட்டுப் போங்க.

அங்க நின்னு தெற்கே பாத்தா தெற்குச் சிலுவை 25 டிகிரி உயரத்துல நிக்கும். லண்டன்ல பொறந்தவன் அதைப் பாக்கணும்னா விமானம் ஏறணும். ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான நட்சத்திரம் உருண்டையா கூடிக் கிடக்கற கொத்து, இங்க 38 டிகிரி வரைக்கும் ஏறி வரும். நம்ம பால்வெளியோட நடுப்பகுதி லண்டன்ல அடிவானத்தை உரசிக்கிட்டு இருக்கும். இங்க பாதி வானத்துக்கு மேல.

செய்யணும்னு ஆசை வந்தவங்களுக்கு என் தீர்ப்பு இதுதான். முதல்ல அந்த ரெண்டு பலகை கேமரா வேலையைச் செய்யுங்க, ஒரு வார இறுதி போதும். அடுத்து, தேய்ச்சுப் பூச்சு போட்ட 6 அங்குலக் கண்ணாடியைக் காசு குடுத்து வாங்கி, பெட்டியை மட்டும் நீங்க செய்யுங்க. கண்ணாடி தேய்க்கறது அதுக்கு அப்புறம், பித்து நல்லா முத்தினவங்களுக்கு மட்டும். பழைய கித்தா மரக் கட்டில் யாராவது தூக்கிப் போட்டா விடாதீங்க. ஈப்போவுல தீபாவளி சமயமெல்லாம் மழைதான், ஜனவரி பிப்ரவரியில கொஞ்சம் குறையும். அதுக்குள்ள பலகையை அறுத்து வச்சுடுங்க.